தாய் வீட்டுச் சீதனம்

தை மாதக் கடைசியில் ஊருக்குப் போனபோது அம்மாவின் அவரைப் பந்தலில் அசுவினி விழுந்திருந்தது. கொழுந்து, பூங்கொத்து, பிஞ்சின் காம்பு எங்கும் கறுப்பாக அப்பிக் கிடந்தது. எள்ளை அள்ளி யாரோ பசை போட்டு ஒட்டியதுபோல. என்னிடம் நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ் ஒன்று உண்டு. அதை எடுத்துக்கொண்டு பந்தலுக்கு அடியில் உட்கார்ந்ததில் ஒரு காலைப்பொழுது போய்விட்டது.

அம்மா வந்து எட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய பூச்சியின் பின்பக்கத்திலிருந்து குட்டி ஒன்று வெளியே வந்துகொண்டிருந்தது. கால்களை உதறிக்கொண்டு, பின்புறம் முதலில்.

"இது முட்டை போடாதா கண்ணு?"

"நம்ம ஊர் சூட்டுக்குப் போடாதும்மா. குட்டிதான். இதுல ஆம்பளையே அநேகமா கிடையாது."

"அப்புறம் எப்படி?"

"பொம்பளை பொம்பளையா பெத்துக்கிட்டே போகும்."

அம்மா லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கொடுத்து வச்ச ஜென்மம்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்று. அந்தப் பூச்சியின் வயிற்றில் மகள் வளரும்போதே, மகளின் வயிற்றில் பேத்தியும் உருவாகத் தொடங்கியிருப்பாள். மூன்று தலைமுறை ஒரே உடம்பில். அந்த மூவருக்குள்ளும் கைமாறிப் போய்க்கொண்டிருக்கும் சொத்து ஒன்று உண்டு. அசுவினியின் உடலில் அதற்கென்றே தனி செல்கள் இருக்கின்றன. அந்தச் செல்களுக்குள் பூக்னெரா என்ற பாக்டீரியா வாழ்கிறது. தாயின் வயிற்றிலேயே கருவுக்குள் அது நுழைந்துவிடும். 16 கோடி ஆண்டுகளுக்கு மேலாக இப்படியே வந்துகொண்டிருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

நுண்ணுயிர் என்றாலே நமக்குத் தொற்று ஞாபகம்தான் வரும். தும்மல், தண்ணீர், கொசுக்கடி. அது பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவது மாதிரி. யாரிடமிருந்தும் யாருக்கும் போகும். பூக்னெரா அந்த வகை இல்லை. அது தாய் வீட்டுச் சீதனம். தாயிடமிருந்து மட்டும் வரும். மகள் வழியாக மட்டும் போகும். மகனுக்கும் அது கிடைக்கும், ஆனால் அவனோடு கதை முடிந்தது. விந்தணு மிகச் சிறியது, பாக்டீரியாவை ஏற்றிக்கொண்டு போக அதில் இடமில்லை. முட்டையில்தான் இடம் இருக்கிறது. ஆக, இந்த வகை பாக்டீரியாவின் பார்வையில் மகன் என்பவன் முட்டுச்சந்து.

இந்த ஒரு வரிக் கணக்கை ஒரு மூலையில் வைத்துக்கொள்ளுங்கள். பூச்சிகளின் உலகத்தில் நடக்கும் எத்தனையோ விபரீதங்களுக்கு இதுதான் வேர் என்பது சில வருடங்களாகப் படித்துப் படித்து எனக்குப் பிடிபட்ட விஷயம். விபரீதத்துக்கு மட்டுமல்ல, உதவிக்கும் இதேதான் வேர்.

பூக்னெரா உதவி செய்யும் ரகம். அசுவினி குடித்து வாழும் செடியின் சாற்றில் சர்க்கரை உண்டு, புரதம் கட்டத் தேவையான அமினோ அமிலங்கள் போதாது. அவற்றைச் சமைத்துக் கொடுப்பது பூக்னெரா. பதிலுக்குக் கூரையும் சோறும். 2000-ல் ஜப்பானியர்கள் இதன் மரபணுத் தொகுப்பை முழுக்கப் படித்தபோது வெறும் 6,40,000 எழுத்துகள்தான் இருந்தன. நம் குடலில் இருக்கும் இ-கோலைக்கு 46 லட்சம். வெளியே பிழைக்கத் தேவையான சாமர்த்தியங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தொலைத்துவிட்டது. வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய், சொந்த ஊருக்குப் பஸ் ஏறுவது எப்படி என்பதே மறந்துபோன ஆள் மாதிரி. பூச்சியும் அது இல்லாமல் ஒழுங்காகப் பெருகாது. இருவரும் இனி ஒருவரை ஒருவர் விட முடியாது.

சரி, இது நல்ல கதை. பள்ளிக்கூடப் பாடத்தில்கூட வைக்கலாம். எனக்கு அதிகம் பிடித்தது இன்னொரு பாக்டீரியாவின் கதை.

1924-ல் பாஸ்டனில் மார்ஷல் ஹெர்டிக், பர்ட் வொல்பாக் என்ற இருவர் வீட்டுக் கொசுவின் சினைப்பையில் குச்சி குச்சியாக ஏதோ இருப்பதைப் பார்த்து எழுதி வைத்தார்கள். 1936-ல் ஹெர்டிக் அதற்கு நண்பரின் பெயரை வைத்தார்: வொல்பாக்கியா. அது கொசுவை ஏதும் செய்கிற மாதிரி தெரியவில்லை. நோயும் இல்லை, சாவும் இல்லை. அதனால் பல வருடம் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. இன்றைய மதிப்பீடுகளின்படி பூச்சி இனங்களில் ஏறக்குறைய பாதி அதைச் சுமக்கின்றன. உலகத்திலேயே அதிகம் பரவிய பாக்டீரியாக்களில் ஒன்று. நம் கண்ணுக்கு மட்டும் படாமல் இருந்திருக்கிறது.

அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள சமோவா தீவுகளுக்குப் போக வேண்டும். ஹைப்போலிம்னாஸ் பொலினா என்றொரு பட்டாம்பூச்சி. நம்மூரிலும் பறக்கிற பூச்சிதான், மழைக்காலத்தில் நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆணின் கறுப்பு இறக்கையில் வெள்ளைப் பொட்டு, பொட்டைச் சுற்றி ஊதா கலந்த நீலம், மயில் கழுத்து மாதிரி ஒரு பளபளப்பு. 1920-களில் பசிபிக் தீவுகளில் வேலை பார்த்த பூச்சியியலாளர்கள் இந்த இனத்தின் சில தாய்களிடமிருந்து பெண்கள் மட்டுமே பிறப்பதைக் குறித்து வைத்தார்கள். சமோவாவில் நிலைமை இன்னும் மோசம். 2001-ல் போய் எண்ணிப் பார்த்தபோது 100 பெண்ணுக்கு 1 ஆண்.

காரணம் வொல்பாக்கியா. தாயிடமிருந்து முட்டைக்குள் வந்ததும் அந்தக் கரு ஆணா பெண்ணா என்பது அதற்குத் தெரிந்துவிடும். பெண் என்றால் விட்டுவிடும். ஆண் என்றால் கருவிலேயே கொன்றுவிடும். தானும் அந்த ஆணோடு சேர்ந்து சாகிறது, ஆனால் முட்டுச்சந்தில் மாட்டிய பாக்டீரியாவுக்கு எப்படியும் எதிர்காலம் கிடையாது. அவன் செத்தால் அவன் சகோதரிகளுக்குத் தின்ன இலை மிச்சம். சில பொறிவண்டுகளில் இன்னும் நேரடி: பொரியாத அண்ணன் தம்பி முட்டைகள்தான் தங்கைகளுக்கு முதல் சாப்பாடு. அந்தத் தங்கைகளுக்குள் இருப்பதும் அதே பாக்டீரியாவின் ரத்த உறவுதானே.

1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் தொடங்கியது எங்கள் சேலத்தில்தான். ஏன் இங்கே தொடங்க வேண்டியிருந்தது என்பதைத் தெரிந்தே வளர்ந்தவள் நான். அதனால் சமோவாவைப் பற்றி முதன்முதலில் படித்தபோது வயிற்றை என்னவோ செய்தது. பூச்சிக்கும் மனுஷனுக்கும் முடிச்சுப் போடுவது தப்பு. பாக்டீரியாவுக்கு மனசு கிடையாது, வரதட்சணைப் பயம் கிடையாது. ஆனாலும் படித்த அன்றைக்கு உடனே நினைவுக்கு வந்தது அதுதான், மறைக்க விரும்பவில்லை.

ஆண்கள் குறையக் குறைய என்ன ஆகும்? மிச்சமிருக்கும் ஆண்களுக்கு ராஜயோகம் என்று தோன்றும். நடந்தது வேறு. சில்வேன் ஷார்லா என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் கூட்டாளிகளும் பசிபிக் தீவு தீவாகப் போய்ப் பார்த்தார்கள். ஓயாமல் இணை சேர்ந்து களைத்த ஆண்கள் ஒவ்வொரு முறையும் கொடுக்கும் விந்துப் பொதி சிறியதாகிக்கொண்டே போனது. ஒரு தடவை சேர்ந்தால் போதவில்லை என்று பெண்கள் மறுபடி மறுபடி இணை தேடினார்கள். அதனால் ஆண்கள் இன்னும் களைத்தார்கள். ஒரு பாக்டீரியா முட்டைக்குள் செய்யும் வேலை, ஒரு தீவின் பட்டாம்பூச்சிகள் எப்படிப் பழகுகின்றன என்பதையே மாற்றி வைத்திருந்தது.

இப்படி ஒரு இனம் எத்தனை நாள் ஓடும் என்ற கேள்விக்குச் சமோவாவே பதில் சொன்னது. 2006-ல் அதே தீவுகளில் மறுபடி எண்ணியபோது ஆண்கள் பத்தில் நான்கு பேர். இடையில் பத்துத் தலைமுறைகூட ஆகியிருக்காது. பாக்டீரியா போய்விட்டதா என்றால் இல்லை, அப்படியே இருந்தது. பட்டாம்பூச்சியின் பக்கம் ஒரு மரபணு மாற்றம் வந்து, ஆண்களைக் கொல்ல விடாமல் தடுத்திருந்தது. நூற்றுக்கு ஒரு ஆண்தான் என்ற ஊரில், ஆணைப் பிழைக்க வைக்கிற மரபணுவுக்கு எவ்வளவு கிராக்கி என்று யோசித்துப் பாருங்கள். காட்டுத்தீ மாதிரி பரவிவிட்டது. பரிணாமம் என்றால் லட்சக்கணக்கான வருடம் என்றுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இது ஐந்து வருடத்துக்குள் நடந்தது.

தென்கிழக்கு ஆசியாவில் இதே பட்டாம்பூச்சி ஆணும் பெண்ணும் சரிபாதியாக, எந்தப் பிரச்சனையும் இல்லாததுபோல் பறக்கிறது. அங்கேயும் பாக்டீரியா உண்டு. அந்தப் பெண்களைப் பிடித்து, தடுப்பு மரபணு இல்லாத பாலினேசியத் தீவு ஆண்களோடு தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துப் பார்த்தபோது, ஆண் சாவு மறுபடி தலைகாட்டியது. அதாவது, அமைதியாகத் தெரிந்தது அமைதி இல்லை. ஒரு பழைய சண்டை சமநிலையில் நின்றுகொண்டிருந்தது. நம் தோட்டத்தில் சாதாரணமாகப் பறக்கும் பூச்சி எதற்குள்ளும் இப்படி ஒன்று புதைந்திருக்கலாம். வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

அடுத்த திருப்பம் சினிமாத்தனமானது. பிழைத்துவிட்ட அந்த ஆண்களை வைத்துப் பாக்டீரியா என்ன செய்கிறது என்று 2008-ல் பார்த்தார்கள். கொல்ல முடியாத ஆணை அது ஆயுதமாக்கியிருந்தது. பாக்டீரியா உள்ள ஆண், பாக்டீரியா இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் கருக்கள் சாகும். பாக்டீரியா உள்ள பெண்ணோடு சேர்ந்தால் ஒன்றும் ஆகாது. ஆண் விந்தணுவில் ஒரு பூட்டைப் போட்டு அனுப்புகிறான், சாவி அதே பாக்டீரியா இருக்கும் முட்டையில்தான் இருக்கிறது. முட்டுச்சந்தாக இருந்தவனையே, போட்டிக்காரப் பெண்களின் வம்சத்தை அறுக்கும் கத்தியாக மாற்றிவிட்டது. கணக்கு மாறவே இல்லை: சீதனம் உள்ள பெண்களின் பங்கு கூட வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் பூட்டு-சாவி வித்தைதான் வொல்பாக்கியாவின் பிரதானத் தொழில். மனிதர்கள் அதைக் காரணம் தெரியாமலேயே பயன்படுத்திய கதை ஒன்று இருக்கிறது. 1950-களில் ஜெர்மனியின் ஹானஸ் லாவென், வெவ்வேறு ஊர் வீட்டுக் கொசுக்களை இணை சேர்த்தால் சில ஜோடிகளுக்கு முட்டை பொரிவதே இல்லை என்று கண்டார். தாய்வழியாக வரும் ஏதோ ஒன்று என்பதுவரை புரிந்தது, அதற்குமேல் புரியவில்லை. இருந்தும் 1967-ல் ரங்கூன் அருகே ஓக்போ என்ற கிராமத்தில் பொருந்தாத வகை ஆண் கொசுக்களைத் தினமும் ஆயிரக்கணக்கில் திறந்துவிட்டார். ஆண் கொசு கடிக்காது. சில மாதங்களில் அந்த ஊர்க் கொசுக்களின் முட்டைகள் பொரிவது நின்றே போனது. அந்த 'ஏதோ ஒன்று' வொல்பாக்கியாதான் என்று கலிஃபோர்னியாவில் யென், பார் என்ற இருவர் சொன்னது 1971-ல். ஹெர்டிக் அதைக் கண்ணால் பார்த்து 47 வருடம் கழித்து.

ஓக்போவின் கொசு, நம்மூரில் சாக்கடையில் பெருகி ராத்திரி கடிக்கிற அதே க்யூலெக்ஸ். யானைக்கால் பரப்புவது. என் சிறுவயதில் எங்கள் தெருக்கோடியில் ஒரு பாட்டி இருந்தார், இடது காலைத் தூக்கி வைக்க முடியாமல் இழுத்து இழுத்து நடப்பார். அவர் காலை வீங்க வைத்தது ஃபைலேரியா புழு. அந்தப் புழுவுக்குள்ளும் வொல்பாக்கியா இருக்கிறது! கொசுவுக்குள் இருப்பது வேறு வம்சம், புழுவுக்குள் இருப்பது வேறு வம்சம். கொசுவுக்கு அது அழைக்காத விருந்தாளி. புழுவுக்கோ அது இல்லாமல் வாழ்வே இல்லை. டாக்ஸிசைக்ளின் கொடுத்து பாக்டீரியாவைக் கொன்றால் பெண் புழு மலடாகிவிடும், நாளாவட்டத்தில் செத்தும் போகும். ஒரே பேரினம், ஒரே கணக்கு, ஒரு வீட்டில் சண்டியர், இன்னொரு வீட்டில் சமையல்காரர்.

அதனால்தான், டெங்கு விழிப்புணர்வு வீடியோக்களில் வொல்பாக்கியாவை 'நல்ல பாக்டீரியா' என்று சிரித்த முகத்தோடு வரைந்து காட்டும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். அந்தத் திட்டத்தின் மேல் கோபம் இல்லை, திட்டம் அருமையானது. பகலில் கடித்து டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவுக்கு இயற்கையில் வொல்பாக்கியா கிடையாது. ஆஸ்திரேலியாவின் ஸ்காட் ஓ'நீல் குழு, வாழைப்பழத்தில் மொய்க்கும் பழ ஈயிலிருந்து அதை எடுத்து ஏடிஸ் முட்டைகளுக்குள் ஊசியால் செலுத்தியது. எழுத ஒரு வரி, செய்ய வருடக்கணக்கு. வொல்பாக்கியா உள்ள ஏடிஸில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருக முடிவதில்லை. 2011 ஜனவரியில் கெய்ர்ன்ஸ் நகரை ஒட்டிய இரண்டு பகுதிகளில் அந்தக் கொசுக்களை விட்டார்கள். அப்புறம் மனிதர்கள் செய்ய வேண்டிய வேலை குறைவு. பூட்டு-சாவி வித்தையால் பாக்டீரியா உள்ள பெண்களின் பிள்ளைகளே மேலோங்கி, அந்தப் பகுதிக் கொசுக்கள் அநேகமாக எல்லாமே அதைச் சுமப்பவையாகிவிட்டன. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, பாதியில் மட்டும் விட்டுப் பார்த்த ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது: டெங்கு 77 சதவீதம் குறைவு, மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 86 சதவீதம் குறைவு.

சிங்கப்பூர் 2016 முதல் வேறு வழியில் போகிறது. ஓக்போ மாதிரி ஆண்களை மட்டும் விட்டுக் கொசுவின் எண்ணிக்கையையே குறைப்பது. அங்கே இருக்கும் என் சித்தி பெண், "எங்க பிளாக்குக்கு வந்து கொசுவ விட்டுட்டுப் போறாங்க அக்கா" என்று ஆரம்பத்தில் புலம்பினாள். புதுச்சேரியில் இருக்கும் கொசுவழி நோய் ஆராய்ச்சி மையம் உள்ளூர் ஏடிஸில் இரண்டு வகை வொல்பாக்கியாவை ஏற்றிய கொசுக்களை உருவாக்கியதாக 2022-ல் அறிவித்தது. நம் நாட்டில் கொசுவைத் திறந்துவிடுவது விஞ்ஞானம் மட்டும் சம்பந்தப்பட்ட காரியம் இல்லை. 1970-களில் டெல்லியில் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து நடந்த கொசு மரபியல் திட்டம், வெளிநாட்டுச் சதியோ என்ற சந்தேகத்தில் சிக்கி 1975-ல் மூடப்பட்டது. சந்தேகப்பட்டவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். மக்களிடம் விளக்கிச் சொல்லாமல் எதையும் ஊருக்குள் திறந்துவிட முடியாது.

எரிச்சல் எதற்கு என்றால், வொல்பாக்கியா நமக்காக டெங்குவைத் தடுக்கவில்லை. தான் ஏறிவந்த வண்டியைப் பாதுகாக்கிறது, அல்லது வண்டிக்குள் இருக்கும் சரக்கை வைரஸோடு பங்கு போட மறுக்கிறது. பழ ஈக்களைச் சில வைரஸ்களிலிருந்து வொல்பாக்கியா காப்பதை 2008-லேயே பார்த்துவிட்டார்கள். ஆணைக் கொல்வதும் தாயைக் காப்பதும் அதற்கு ஒரே பேரேட்டில் இரண்டு வரிகள். எந்த வரி எந்த ஊரில் லாபமோ, அது அந்த ஊரில் நிலைக்கும். வைரஸும் ஒரு நாள் கணக்கை மாற்றிப் போடலாம்.

இப்போது பந்தலுக்குத் திரும்பி வருகிறேன். அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே ஊதிப்போன பழுப்பு நிறக் கூடுகள் சில தெரியும், பார்த்திருக்கிறீர்களா? செத்த அசுவினிகள் அவை. எறும்பைவிடச் சிறிய குளவி ஒன்று அசுவினிக்குள் முட்டையிடும். புழு உள்ளேயிருந்து தின்று வளர்ந்து, முதுகில் வட்டமாக ஒரு ஓட்டை போட்டுக் குளவியாக வெளியே பறக்கும். லென்ஸில் பார்த்தால் டப்பா மூடியைத் திறந்த மாதிரி அவ்வளவு சுத்தமான வட்டம்.

பட்டாணி அசுவினியில் சில வம்சங்களுக்குக் குளவி முட்டையிட்டாலும் ஒன்றும் ஆவதில்லை. 2003-ல் அரிசோனாவில் கெர்ரி ஆலிவர், நான்சி மோரன் குழுவினர் காரணத்தைக் காட்டினார்கள்: அவற்றில் பூக்னெராவோடு கூட இன்னொரு சீதன பாக்டீரியா, ஹாமில்டனெல்லா. குளவிப் புழு உள்ளேயே செத்துவிடுகிறது. இன்னும் தோண்டினால், கொல்லும் விஷத்துக்கான மரபணு பாக்டீரியாவுடையது இல்லை, பாக்டீரியாவுக்குள் குடியிருக்கும் ஒரு வைரஸுடையது. வைரஸ் தொலைந்தால் பாதுகாப்பும் போச்சு. பூச்சிக்குள் பாக்டீரியா, பாக்டீரியாவுக்குள் வைரஸ், வெளியே குளவி. குளவி இல்லாத கூண்டில் வளர்த்தால், ஹாமில்டனெல்லா உள்ள அசுவினிகளின் பங்கு குறைந்துகொண்டே போகிறது. காவல்காரனுக்குச் சம்பளம் உண்டு. திருடன் இல்லாத ஊரில் அது வீண் செலவு.

அம்மாவின் பந்தலில் இரண்டு கொடி. கிணற்றோரக் கொடியில் பழுப்புக் கூடுகள் நிறைய. மதிலோரக் கொடியில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. மதிலோரத்தில் எறும்பு அதிகம், அதுகூடக் காரணமாக இருக்கலாம். எறும்பு குளவியை விரட்டும். வெயில் காரணமாக இருக்கலாம். அல்லது அந்தக் கொடியில் முதலில் வந்து இறங்கிய ஒரே ஒரு இறக்கை முளைத்த பாட்டி, தன் வயிற்றில் என்ன சீதனம் கொண்டுவந்தாள் என்பதாகவும் இருக்கலாம். லென்ஸை வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் எண்ணலாம். ஒவ்வொரு கொடியிலும் பத்துக் கொழுந்துக்குச் சிவப்பு நூல் கட்டி, தினமும் காலையில் கூடுகளை எண்ணி ஒரு பழைய டைரியில் எழுதிக்கொண்டு வந்தேன். மூன்று நாள் எழுதினேன்.

நான்காம் நாள் காலையில் போனால் பந்தல் முழுக்க வேப்பெண்ணெய் வாசம். இலையெல்லாம் சோப்புத் தண்ணீர் காய்ந்த திட்டு. அம்மா கையில் ஸ்ப்ரேயரோடு நின்றுகொண்டிருந்தார்.

"நூல் கட்டுன கொழுந்துக்கு மட்டும் ரெண்டு தடவ அடிச்சிருக்கேன் கண்ணு. பூச்சி ஜாஸ்தி இருக்குன்னுதான கட்டி வச்ச?"